ஐப்பசியில் வந்து போனவள்

சொட்டு மருந்து விட்டாகிவிட்டது, கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள், உள்ளே கூப்பிட நேரமாகும் என்று அந்த நர்ஸ் பெண் சொல்லிவிட்டு நகர்ந்ததும் இவர் மூடிய கண்ணோடேயே, காலையில் ஆட்டோக்காரன் காட்டினானே ஒரு மியூசியம், பக்கத்தில்தானே, நீ ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடேன் என்றார். கடைக்குப் போய் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி வா என்கிற மாதிரி. நான் போய் என்னத்தைப் பார்ப்பது என்றேன். அது எப்படி இருக்கிறது என்று பார் என்றார். எது என்று நானும் கேட்கவில்லை, இன்னது என்று இவரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பெயர் சொல்லாமல் அது என்றால் ஒன்றுதான். சிங்காரத்தின் பொம்மலாட்டக் கோஷ்டிக்கு இவர் செதுக்கிக் கொடுத்த ராணி பொம்மை. சிங்காரம் செத்த பிறகு அவருடைய பிள்ளைகள் பொம்மைகளை எல்லாம் இதே திருச்சியில் ஒரு பங்களாக்காரருக்கு விற்றுவிட்டார்கள், அவர் அந்தப் பங்களாவையே மியூசியமாக ஆக்கி வைத்திருக்கிறார் என்று எப்போதோ காதில் விழுந்ததுதான். கேட்ட அன்றைக்கு, அப்பாடா இனிமேல் ஐப்பசி மாதம் நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.  இவர் உளியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தவர் தீட்டிக்கொண்டே இருந்தார், அதற்கு மேல் தீட்டினால் உளி தேய்ந்துவிடும் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. இன்றைக்கும் குத்தாலத்தில் இருட்டோடு பஸ் ஏறியதிலிருந்து இவர் பேசவில்லை. கண்ணைப் பற்றிய கவலை, பாவம் என்று நான் தஞ்சாவூர் வரைக்கும் இவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். கவலை எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்று இப்போதல்லவா தெரிகிறது.

எழுந்தபோது முழங்கால் மளுக்கென்றது. எனக்கு நடக்க வேண்டாம் போலிருந்தது. அந்த பெஞ்சிலேயே தலைப்பை மூஞ்சியில் போட்டுக்கொண்டு கொஞ்சம் சரிந்தால் போதும், ஆஸ்பத்திரி வாடையானாலும் பரவாயில்லை, சாயந்தரம் வரைக்கும் யாரும் எழுப்பக் கூடாது. சர்க்கரை இவருக்கு வந்ததே தவிர அதற்கு அடுப்படியில் மாரடிப்பது நான்தான். ராத்திரி இரண்டு தடவை கொல்லைப்பக்கம் கையைப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டும், தூங்கினேன் என்று பேர், காது தூங்குவதே இல்லை. சரி, போய்விட்டு வந்துவிடுகிறேன், நான் வருவதற்குள் கூப்பிட்டால் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், தனியாக எழுந்திருக்காதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். தலையை ஆட்டினார். வெளியே வந்தால் பங்குனி வெயில் கொளுத்துகிறது, பஸ்காரன் ஒவ்வொருத்தனும் நம்மை இடிக்கத்தான் ஹாரனை அடித்துக்கொண்டு வருகிற மாதிரி இருக்கிறது. செருப்பு வார் ஒரு பக்கம் பிய்கிறாப்போல் இருந்தது, காலை இழுத்து இழுத்து வைத்தேன். எதற்குப் போகிறேன். யாராவது என்னைக் கேட்டால் என்ன சொல்வது, சக்களத்தியைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார், போய்க்கொண்டிருக்கிறேன் என்றா. இந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. பட்டம்மாள் சொல்லுவாள், இவருடைய அக்கா, அவள் வாய்க்கு என்ன. அவளும் போய்ச் சேர்ந்தாயிற்று. இவருடைய முதல் பெண்டாட்டி அமிர்தம் கல்யாணமாகி இரண்டு மழைக்காலம் முடிவதற்குள் மஞ்சள் காமாலையில் போய்விட்டாளாம். பிள்ளை இல்லை, பிடுங்கல் இல்லை, கை நிறைய வேலை உள்ள தச்சன், இரண்டாந்தாரம் என்றால் என்ன என்று என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அமிர்தத்துக்கு ஒரு போட்டோ கூட கிடையாது. இல்லையென்றதும் எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். போட்டோ இருந்தால் மாலை போட வேண்டும், விளக்கேற்ற வேண்டும், தினம் முழிக்க வேண்டும். மூஞ்சி இல்லாதவளோடு என்ன தகராறு, அவள் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் அந்த வீட்டில் கால் வைத்தேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை பிடித்த அன்றைக்குச் சிங்காரத்தின் டயர் வண்டி வாசலில் வந்து நின்றது. மழைக்காலத்தில் ஆட்டம் கிடையாது, பொம்மைகளுக்கு மூட்டு கழன்றிருக்கும், சாயம் போயிருக்கும், பழுது பார்க்க இவரிடம் கொண்டுவந்து விடுவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தார்ப்பாய்க்குள்ளிருந்து ஒன்றை எடுத்து, புதுப் பொண்ணு, இந்தா பிடி என்று சிங்காரம் என் கையில் கொடுத்தார். நல்ல கனம், ஒரு வயசுப் பிள்ளை கனம், நனையக் கூடாதே என்று இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். கூடத்தில் இறக்கி வைத்தபோது பட்டம்மாள் வந்து துணியை விலக்கினாள். “பாத்துக்க ஞானம், இதான் அமிர்தம்” என்றாள்.  அமிர்தம் செத்த வருஷம்தான் சிங்காரம் வந்து, பழைய ராணியைக் கரையான் தின்றுவிட்டது, புதுசாக ஒன்று வேண்டும் என்று கேட்டாராம். இவர் அதுவரைக்கும் கதவு ஜன்னல் தவிர எதுவும் செய்ததில்லை. அத்தி மரத்தில் செய்தாராம், செய்து முடித்ததும் தெருவே வந்து பார்த்துவிட்டு நம்ம அமிர்தம் என்று வாயில் கையை வைத்ததாம். இவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என்னிடமும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை, கேட்டால் ஆமாம் என்றுவிட்டால் என்ன செய்வது. அதன் பிறகு வருஷா வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அது எங்கள் வீட்டில்தான். உத்தரத்தில் ஒரு கொக்கி, அதில் கயிறுகளைச் சேர்த்துக் கட்டித் தொங்கவிடுவார். ஆட்டுகிறவன் தலையில் ஒரு வளையம் மாட்டிக்கொள்வான், பொம்மையின் கனம் முழுக்க அவன் தலையில்தான் தொங்கும், கழுத்து போய்விடும் என்று சிங்காரம் சொல்லுவார். அவருக்காவது ராத்திரி ஆட்டம் முடிந்ததும் கழற்றி வைத்துவிடலாம். நான் கூடத்தைப் பெருக்கும்போது அது காற்றில் மெல்லத் திரும்பும். முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது, நிமிர்ந்து பார்த்தால் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். இடது புருவம் மட்டும் ஒரு நூல் தூக்கி இருக்கும், என்ன ஞானம், சாம்பாரில் இன்றைக்கு உப்பு சரியா என்று கேட்கிற மாதிரி. உதடு மூடி, கீழ் உதடு லேசாக உள்ளே மடங்கி, சிரிப்பை அடக்குகிற வாய். எதைப் பார்த்து இவளுக்குச் சிரிப்பு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் பூங்கோதைக்கு நாலு வயசோ என்னவோ, கீழே நின்றுகொண்டு, பெரியம்மா பெரியம்மா கீழ இறங்கி வா என்று கூப்பிட்டாள் ஒரு நாள். பட்டம்மாள் சொல்லிக்கொடுத்ததுதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் பிள்ளையை அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன், இவர் இழைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கையை இறக்கி, கொடியிலிருந்த வேட்டியை எடுத்து அதன் தலையில் போட்டு மூடினேன். மறுநாள் காலையில் வேட்டி கொடியில் இருந்தது. யார் எடுத்தது என்று கேட்கவில்லை. எத்தனை விஷயம் கேட்காமலே போய்விட்டது.

இந்த சிக்னலில் மனுஷர் நடப்பதற்கென்று ஒரு நேரமே விட மாட்டார்கள் போலிருக்கிறது. ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா மாதிரி இருந்தவள் என் முழங்கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டாள். இப்படித்தான் நானும் இவரைப் பிடித்துக்கொண்டு போகிறேன். வலது கண் போன வருஷமே போய்விட்டது. இடது கண்ணில் புகை அடைத்த மாதிரி இருக்கிறது, இன்றைக்குப் பார்த்துவிட்டு ஆபரேஷன் செய்தால் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவார்கள். தேறாது. எனக்கு அது தெரியும். டாக்டர் போன தடவை இவரிடம் பேசாமல் என்னைப் பார்த்துப் பேசினபோதே தெரிந்துவிட்டது. எனக்குப் பயம் கண் போவதில் இல்லை. இல்லை, அதிலும்தான், ஆனால் அதற்கு மேல் ஒரு பயம் இருக்கிறது, அதை யாரிடம் போய்ச் சொல்வது, பூங்கோதையிடம் சொன்னால் அம்மா உனக்கு என்ன பைத்தியமா என்பாள். எல்லாம் இருட்டான பிறகு இவருக்கு உள்ளே ஏதாவது முகம் இருக்குமே, அது யார் முகம். நான் கொஞ்ச நாளாகவே கவனிக்கிறேன், இவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, குரல் வருகிற பக்கம் பார்த்துப் பேசுகிறார், சில சமயம் என் காதைத் தாண்டிச் சுவரைப் பார்க்கிறார். என்னைக் கடைசியாக நன்றாகப் பார்த்தது எப்போதாக இருக்கும். அன்றைக்கு நான் எப்படி இருந்தேனோ. அடுப்படியிலிருந்து வந்து நின்றிருப்பேன், பொட்டு கலைந்திருக்கும், தூக்கமில்லாத மூஞ்சி, எதற்கோ சிடுசிடுத்துக்கொண்டிருந்திருப்பேன். அதுதான் இனிமேல் என்று தெரிந்திருந்தால் தலையாவது சீவிக்கொண்டு நின்றிருக்கலாம். அவளுக்கு அந்தக் கவலையே இல்லை. இவர் மரத்தில் நிறுத்தி வைத்த வயசில் நின்றுவிட்டாள், கன்னம் ஒட்டாது, பல் விழாது. அவளை எடுத்துக்கொண்டு இருட்டுக்குள் போய்விடுவார், நான் வெளியே நின்றுகொண்டு சோறு வேண்டுமா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அதற்குத்தான் இன்றைக்கு என்னை அனுப்புகிறார். போய்ப் பார்த்துவிட்டு வா. போய் எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் கொடு. நானும் செருப்பை இழுத்துக்கொண்டு போகிறேன் பார்.

பங்களா வாசலில் ஒரு மேஜை போட்டுச் சீட்டுக் கொடுக்கிற பெண் உட்கார்ந்திருந்தாள். மரப்பொம்மை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மேலே கடைசி அறை என்றாள், என் காலைப் பார்த்துவிட்டு, மெதுவா ஏறுங்கம்மா, கைப்பிடியப் பிடிச்சுக்குங்க என்றாள். படியோ ஆளுயரம் ஒவ்வொன்றும். கீழே குத்துவிளக்கு, பித்தளைப் பானை, கத்தி, யாரோ ஜமீன்தார் உட்கார்ந்த நாற்காலி, எல்லாம் கண்ணாடிக்குள். இந்தப் பானையை எல்லாம் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னால் தெரியும். மேலே ஒரு காற்றாடி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, ஈரமில்லாத பழைய மர வாசனை.  ராஜா ஒன்று, குதிரை ஒன்று, கோமாளி ஒன்று, ஒரு ராணி, ஒரு முனிவர். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே கடைசி வரைக்கும் போய்விட்டேன். அது இல்லை. வேறு எங்கேயாவது விற்றுவிட்டார்களோ என்று திரும்பி வந்தேன், மறுபடியும் இல்லை. அப்போதுதான் ராணியின் கை கண்ணில் பட்டது. வலது கைச் சுண்டுவிரலில் ஒட்டுப் போட்ட கோடு. ஒரு கார்த்திகையில் நான் கொக்கியிலிருந்து இறக்கும்போது கைதவறி உடைந்து, இவர் வஜ்ரப் பசை காய்ச்சி ஒட்டின விரல். அதேதான். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். ரோஸ் நிறம். கண் காது வரைக்கும் இழுத்து எழுதியிருக்கிறது, இமையில் ஒவ்வொரு மயிராகக் கறுப்புக் கோடு, உதட்டில் பளபளவென்று சிவப்பு, கன்னத்தில் ஒரு மச்சம் வேறு. புருவம் இரண்டும் ஒரே அளவு, வில்லை வளைத்த மாதிரி. கல்யாண மண்டப வாசலில் கும்பிட்டுக்கொண்டு நிற்குமே பன்னீர் தெளிக்கிற பொம்மை, அது போல் எல்லோரையும் பார்த்து வாருங்கள் வாருங்கள் என்றது. என்னை அதற்குத் தெரியவில்லை. கீழே அட்டையில், ராணி, மரப்பாவை, தஞ்சை வட்டாரம், சுமார் நூறு ஆண்டுகள் பழமையானது என்று எழுதியிருந்தது. நூறு ஆண்டா. அப்படியானால் இவருக்கு இப்போது என்ன வயசு என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

சீட்டுக் கொடுத்த பெண் பின்னாலேயே வந்து நின்றாள், ரொம்ப நேரமாகச் சத்தமில்லை, விழுந்துவிட்டேனோ என்று பார்க்க வந்தாளாம். இது முன்னாடி இப்படி இருக்காதே என்றேன். ஆமாம்மா, முன்னாடி மூஞ்சியெல்லாம் உரிஞ்சு, பிள்ளைங்க பாத்து பயப்படும், கோபுர பொம்மைக்கு வர்ணம் அடிக்கிறவரைக் கூட்டி வந்து ஐயா புதுசு பண்ணச் சொன்னாங்க, சுரண்டி எடுத்துட்டு அடிச்சாரு, இப்ப அழகா இருக்குல்ல என்றாள். நல்ல பெண். தன் வீட்டுக்கு வெள்ளையடித்த மாதிரி சொன்னாள். அழகாத்தான் இருக்கு என்றேன். அங்கே ஒரு ஸ்டூல் இருந்தது, உட்காரலாமா என்று கேட்டேன், உட்காருங்கள் என்று தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தாள். உட்கார்ந்த பிறகுதான் உடம்பு எவ்வளவு ஓய்ந்து போயிருக்கிறது என்று தெரிந்தது. முகத்துக்கு முகம் நின்று ஏதோ கேட்டுவிட வேண்டும் என்று இருந்திருக்கிறேன் போலிருக்கிறது, என்ன கேட்பது என்று தெரியாமலே. நாற்பது வருஷத்து வாய்ச்சண்டையைச் சேலையில் முடிந்துகொண்டு வந்தால், வீட்டில் ஆள் இல்லை. சுரண்டி எடுத்துவிட்டார்களாம். எனக்கு ஜெயித்த மாதிரி இருக்க வேண்டும்தானே. வயிறு ஏன் இப்படிக் காலியாக இருக்கிறது. காலையில் இரண்டு இட்லி தின்றதோடு சரி, அதனால் இருக்கும். கண்ணை மூடினேன். மூடினதுமே வந்துவிட்டது, இடது புருவம், பாதி தாழ்ந்த இமை, சின்ன மோவாய், அதற்குக் கீழே உளி ஒரு தடவை வழுக்கின சின்ன வெட்டு, அதை இவர் கடைசி வரைக்கும் மெழுகு வைத்து அடைக்கவே இல்லை. கன்னத்தில் சாயம் தேய்ந்து மரத்தின் ரேகை தெரிகிற இடம். என் அம்மா முகம் கூட எனக்கு இவ்வளவு தெளிவாக வராது. பட்டம்மாள் இல்லை, சிங்காரம் இல்லை, இவருக்குக் கண் இல்லை. உலகத்தில் அந்த முகம் இப்போது இருக்கிற இடம் நான் மட்டும்தான் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வரவில்லை, அலுப்பாக இருந்தது. என் தலையில்தானா இதுவும் என்று இருந்தது. போய் இவரிடம் என்ன சொல்வது. அழித்துவிட்டார்கள் என்று சொல்லலாம். சொன்னால் அதோடு தீர்ந்தது, இருட்டுக்குள் போகிறவர் வெறுங்கையோடு போவார், பக்கத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன். நாக்கு நுனியில் ருசியாகக் கூட இருந்தது அந்த நினைப்பு. அந்தப் பெண் டம்ளரை வாங்கிக்கொண்டு, ஏம்மா, உங்க ஊர் பொம்மையா என்று கேட்டாள். தெரிஞ்சவங்க செஞ்சது என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

திரும்பி வரும்போதுதான் திடீரென்று பயம் பிடித்தது. எவ்வளவு நேரம் உட்கார்ந்துவிட்டேன். கூப்பிட்டிருப்பார்கள், இவர் தானாக எழுந்து நடந்திருப்பார், அந்த ஆஸ்பத்திரியில் நாலு இடத்தில் படி, தட்டுத் தடுமாறி விழுந்திருந்தால், யார் கூட வந்தவர்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள், கூட வந்தவள் பொம்மை பார்க்கப் போயிருக்கிறாள். வேகமாக நடக்க நடக்கச் செருப்பு வார் முழுசாகப் பிய்ந்துவிட்டது. இரண்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தேன், சூடு உச்சிக்கு ஏறியது. கும்பகோணத்தில் ஒரு தடவை இப்படித்தான் இவரைக் கூட்டத்தில் தவறவிட்டேன், கண் நன்றாக இருந்த காலம், இவர் பாட்டுக்கு ஒரு கடை வாசலில் நின்று கதவின் வேலைப்பாட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார், என்னைக் காணோம் என்றே தெரியாமல். நான்தான் எப்போதும் தேடுகிறேன். உள்ளே போனால் பெஞ்சில் இவர் இல்லை. வேறு ஒருத்தர் அங்கே உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். நர்ஸைத் தேடித் திரும்பினேன். அப்புறம் பார்த்தேன், மாத்திரை கொடுக்கிற ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரோரம், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடி பெரிசு, முகம் அதற்குள் சின்னதாகத் தெரிந்தது. வயசாகிவிட்டது இவருக்கு. நான் பக்கத்தில் போய் நின்றேன், ஒன்றும் பேசவில்லை, கொலுசு கூட இல்லை எனக்கு, எப்படித் தெரிந்ததோ, ஞானம், உட்காரு என்றார். டாக்டர் பார்த்தாயிற்றாம். ஆபரேஷன் செய்து பிரயோஜனமில்லை என்றுவிட்டார்களாம், இருக்கிற வெளிச்சம் இருக்கிற வரைக்கும், சொட்டு மருந்தை மட்டும் விடாமல் விடச் சொன்னார்களாம். மழை வராது போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். நான் அவர் கைமேல் கையை வைத்தேன். சரி என்றேன்.  சாப்பிடலாமா என்று கேட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தேன், மோர் சாதமும் நார்த்தங்காயும், மோர் கொஞ்சம் புளித்துப் போயிருந்தது. இவர் சாப்பிடக் கையை நீட்டாமல் இருந்தார்.

“பாத்தியா?” என்றார்.

“பாத்தேன்.”

“எப்படி இருக்கு?”

வழியெல்லாம் இரண்டு பதிலையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். எதைச் சொல்லப் போகிறேன் என்று வாயைத் திறக்கிற வரைக்கும் எனக்கே தெரியாது. “அப்படியேதான் இருக்கு” என்றேன்.

இவர் தலையை அசைத்தார். “எனக்கு அது மூஞ்சி வரமாட்டேங்குது ஞானம்” என்றார். “கொஞ்ச நாளாவே. எந்த எடத்துல எவ்வளவு எடுத்தேன்னு கைக்குத் தெரியுது. மூஞ்சியா சேர மாட்டேங்குது. நீ சொல்லேன்.”

சொன்னேன். இடது புருவம் ஒரு நூல் தூக்கி இருக்கிறது என்றேன். இமை பாதி தாழ்ந்திருக்கிறது, தூக்கம் இல்லை, ஏதோ யோசனை. மூக்கு நுனியில் கொஞ்சம் சாயம் போயிருக்கிறது. மோவாய்க்கடியில் உளி வழுக்கின வெட்டு அப்படியே இருக்கிறது, அடைக்கவில்லை யாரும். இவர் ரேடியோ கேட்கிற மாதிரி முகத்தை என் பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல எனக்கே ஒன்று தெரிந்தது, நான் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. கரித்துக்கொட்டிக்கொண்டே இத்தனை வருஷம் பார்த்ததை இப்போது எதுவும் விட்டுவிடக் கூடாதே என்று தேடித் தேடிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாய் மூடி இருக்கிறது, கீழ் உதடு கொஞ்சம் உள்ளே மடங்கி, சிரிப்பை அடக்குகிற மாதிரி என்று முடித்தேன். இவர் லேசாகச் சிரித்தார். அன்றைக்குக் காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

“வாய் அவளுது இல்ல” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அமிர்தத்தைச் சொல்கிறார் என்று புரிவதற்கே ஒரு நிமிஷம் ஆயிற்று. என்னிடம் அவளைப் பற்றி இவர் பேசின முதல் வார்த்தை அது.

“கண்ணும் நெத்தியும் கொஞ்சம் அவ சாயல் விழுந்துது. ஊர்ல பேசினாங்க, நானும் இருக்கட்டும்னு விட்டுட்டேன். அவளுக்கு முன்பல் ரெண்டும் நல்லா வெளிய வந்திருக்கும். வாய் மூடாது. மரத்துல அதச் செய்யணும்னுதான் உக்காந்தேன். ராணிக்கு எடுப்புப் பல்லான்னு நாலு பேரு சிரிப்பானேன்னு மனசு வரல. பல்ல எடுத்துட்டு உதட்ட மூடிட்டேன். மூடினதும் அது வேற யாரோ ஆயிடுச்சு.” கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார், துடைத்து என்ன ஆகப் போகிறது. “அவளுக்கு சிரிப்பு வந்துதுன்னா கையால வாயப் பொத்திக்குவா. வீட்டுல யாருமே இல்லன்னாலும் பொத்திக்குவா.”

நான் தூக்கைப் பிடித்தபடியே இருந்தேன். பல் எடுப்பாக ஒரு சின்னப் பெண். இருபது வயசு கூட ஆகியிருக்காது. கல்யாணப் பந்தலில் தலையைக் குனிந்துகொண்டு, யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று உதட்டை இழுத்து இழுத்து மூடப் பார்த்திருப்பாள். பட்டம்மாள் வாய்க்குத் தப்பியிருப்பாளா, மாட்டாள். அந்தக் கூடத்தை அவளும்தான் பெருக்கியிருப்பாள், எனக்கு முன்னால், நான் பிடித்த அதே துடைப்பத்தால் இல்லாவிட்டாலும் அதே தரையை. அன்றைக்கு நான் வேட்டியைப் போட்டு மூடினது யாரை. இந்த மனுஷர் அவளை யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு அழகியைத் தொங்கவிட்டிருந்திருக்கிறார், என் கண்ணுக்குப் படுகிற மாதிரி. கோபம் வந்தது, வந்த கோபம் இவர் வரைக்கும் போய்ச் சேராமல் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டது. மாத்திரை ஜன்னலில் யார் பெயரையோ கூப்பிட்டார்கள். நாலரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது கூட்டமாக வரும், நிற்க வேண்டியிருக்கும், இந்தக் காலோடு முடியாது. போகலாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

“இன்னும் சொல்லுங்க” என்றேன்.

இவர் என் பக்கம் திரும்பினார். நிஜமாகத்தான் கேட்கிறேனா என்று குரலை வைத்து நிதானிக்கிற மாதிரி தலையைச் சாய்த்தார். நான் சாதத்தை ஒரு பிடி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதை மூக்குக்கு நேராகக் கொண்டுபோய்விட்டு நிறுத்தினார்.

“அவளுக்கு மோர் பிடிக்காது” என்றார்.